நம்பிய கேம் விமர்சகர் வேறு தளத்துக்குப் போனபோது: உங்கள் அனுபவம்?

சேவ்பாயிண்ட்:
ரொம்ப நாளாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். ஆர்பிஜி (கதாபாத்திரமாகவே ஆடி வளரும் வகை கேம்) என்றால் நான் ஒரே ஒருவரின் ரிவ்யூவைத்தான் நம்புவேன். ஒரு தொடரின் முதல் பாகத்துக்கு அவர் பத்துக்கு 6 கொடுத்தார். சண்டை பத்து மணி நேரத்தில் சலித்துவிடும் என்று காரணமும் எழுதியிருந்தார். அப்புறம் அவர் அந்தத் தளத்தைவிட்டுப் போய் நண்பர்களோடு பாட்காஸ்ட் ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் பாகத்துக்கு அதே தளத்தில் 9. எழுதியவர் வேறு. அதில் ஒரு வரி: "முதல் பாகத்துக்கு நாங்கள் 6 தந்தோம், இப்போது எவ்வளவு முன்னேற்றம்!" யார் அந்த "நாங்கள்"? அதே வாரம் பாட்காஸ்டில் பழையவர், "அந்தச் சண்டை அப்படியேதான் இருக்கிறது, எதுவும் மாறவில்லை" என்றார். இரண்டு பேரின் ரசனையை ஒரே கோட்டில் வைத்து, கேம் வளர்ந்துவிட்டது என்று காட்டியிருக்கிறார்கள். அந்த வரி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

இரவுப்பறவை:
இதனால்தான் தளத்தைவிட ஆள்தான் முக்கியம் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் விஷயம் எல்லோருக்கும் தெரியும். 2007-ல் கேம்ஸ்பாட் தளத்தில் 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்கு 6 கொடுத்தார். அப்போது தளம் முழுக்க அந்த கேமின் விளம்பரம். கொஞ்ச நாளில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவரைத் தொடர்ந்து வேறு சிலரும் வெளியேறினார்கள். 2008-ல் அவரும் சேர்ந்து தொடங்கிய ஜயண்ட் பாம்ப் தளம் வந்தது, நானும் பின்னாலேயே போனேன். விளம்பரப் பணம் போய்விடும் என்றதும் நிர்வாகம் வளைந்துகொடுத்தது என்று 2012-ல்தான் அவரால் வெளிப்படையாகப் பேச முடிந்தது. இத்தனைக்கும் அப்போது ஜயண்ட் பாம்ப்பை வாங்கியதே கேம்ஸ்பாட்டின் உரிமையாளரான சிபிஎஸ்தான்.

பழைய கார்ட்ரிட்ஜ்:
நான் கொஞ்ச காலம் ஃப்ரீலான்சராக ரிவ்யூ எழுதியவன். முதல் இடத்தில் 7 என்றால் "நல்ல கேம், குறைகள் உண்டு" என்று அர்த்தம். இன்னொரு தளத்துக்கு மாறியதும் அதே மனநிலையில் ஒரு கேமுக்கு 7 போட்டு அனுப்பினேன். எடிட்டர் கூப்பிட்டார். "நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பிடித்திருக்கிற மாதிரி இருக்கிறது. எங்களிடம் 7 என்றால் வாங்காதே என்று அர்த்தம். 8 போடலாமா?" அவர் மிரட்டவில்லை, கேம் நிறுவனத்திடம் காசும் வாங்கவில்லை. உண்மையாகவே விளக்கினார். 8 என்று வந்தது. பல தளங்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக்கில் அது 80. அந்தப் பத்துப் புள்ளி எங்கிருந்து வந்தது? கேமின் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லையே.

பிக்சல்:
@பழைய கார்ட்ரிட்ஜ், எடிட்டரை இவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடாது. அந்தப் புள்ளிகளில் பலருடைய கூலி தொங்குகிறது. 'ஃபாலவுட்: நியூ வேகஸ்' மெட்டாக்ரிட்டிக்கில் 85 எடுத்தால் அதை உருவாக்கிய அப்சிடியனுக்கு போனஸ், எடுத்தது 84. @இரவுப்பறவை, ஆளை நம்புங்கள் என்பதும் பாதிதான் சரி. 'சைபர்பங்க் 2077'-க்கு 2020 டிசம்பரில் முன்கூட்டியே ரிவ்யூ எழுதியவர்களில் நேர்மையானவர்கள் நிறையப் பேர். ஆனால் கையில் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும், சொந்த வீடியோ காட்டவும் முதலில் அனுமதி இல்லை. பிளேஸ்டேஷன் 4-ல் அது எப்படி ஓடும் என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? வெளியான ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது.

நான் பார்ப்பது இவற்றைத்தான். ரிவ்யூ எந்தக் கருவியில் ஆடி எழுதப்பட்டது? கதையை முடித்துவிட்டு எழுதினாரா? எம்பார்கோ (ரிவ்யூ வெளியிடத் தடை) கேம் வெளியீட்டுக்கு எத்தனை நாள் முன்னால் விலகியது? ஆன்லைன் கேம் என்றால் பொதுமக்கள் நுழைந்த பிறகு சர்வரில் ஆடினாரா? அப்புறம், உங்களுக்கு மிகவும் பிடித்த கேமைத் திட்டிய ஒருவரைத் தேடிப் படியுங்கள். அவர் திட்டும் காரணங்கள் உங்களுக்குப் புரிந்தால், அவர் எந்தத் தளத்துக்குப் போனாலும் உங்களுக்குப் பயன்படுவார். முன்பதிவும் செய்யாதீர்கள். பிழைகளைத் திருத்தும் முதல் பேட்ச் வரட்டும்.

சேவ்பாயிண்ட்:
@பிக்சல், நான் முன்பதிவு செய்ததாக எங்கும் சொல்லவில்லையே. நான் கேட்டது அந்த "நாங்கள்" பற்றி.

ஊமைவெயில்:
எனக்கு நடந்தது வேறு. நான் விரும்பிப் படித்த விமர்சகர் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் வாழ்க்கை, அவர் முடிவு, அதில் எனக்குக் குறையில்லை. அடுத்த வருடம் அந்த ஸ்டூடியோவின் டிரெய்லரில் பின்னணிக் குரல் கேட்டதும் கை நின்றுவிட்டது. அவரேதான். "உயிருள்ள உலகம்" என்றார். அந்தச் சொல்லை எந்த ரிவ்யூவிலும் எழுதமாட்டேன் என்று முன்பு சொன்னவர். சரி, அந்த ஸ்டூடியோவின் பழைய கேம்களுக்கு அவர் எழுதிய ரிவ்யூக்களை மறுபடி படிக்கலாம் என்று போனேன். பக்கங்கள் இருந்தன. பெயர் இருந்த இடத்தில் "ஆசிரியர் குழு" என்று இருந்தது.

பழைய கார்ட்ரிட்ஜ்:
என் ரிவ்யூக்களிலும் பெயர் அப்படித்தான் போனது. பக்கமாவது இருக்கிறதே. 2024 ஆகஸ்டில் கேம் இன்ஃபார்மரை மூடியபோது முழுத் தளமும் ஒரே நாளில் போய், ஒரு விடைபெறும் செய்தி மட்டும்தான் மிஞ்சியது. 1991-லிருந்து வந்த பத்திரிகை அது. 2025-ல் பழைய குழுவோடு திரும்பி வந்தது நல்லவேளை. உங்களுக்குப் பிடித்த ரிவ்யூ இருந்தால் எழுதியவர் பெயரோடு சேர்த்து இப்போதே சேமித்துவையுங்கள்.