துணி டயப்பர்: மாட்டுகிற கை யாருடையது?

கோவை, எட்டு மாதப் பையனின் அம்மா

26 வார விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் மதியமே அம்மா போன் செய்தார். "தம்பி நனைச்சுட்டான் கண்ணு. இந்தப் பட்டன் அமுங்கவே மாட்டேங்குது. பழைய வேட்டித் துணியைக் கட்டி விட்டுட்டேன், நீ உன் வேலையைப் பாரு."

அதுவரை நானே மாட்டி நானே கழற்றியதால் எனக்கு எந்தச் சிரமமும் தெரியவில்லை. இடுப்பில் இரண்டு வரிசை, உயரத்தைக் கூட்டிக் குறைக்க முன்பக்கம் சில வரிசைகள் என்று ஒரே டயப்பரில் ஏகப்பட்ட டிச் பட்டன்கள். அம்மாவுக்கு வயது 61, கட்டைவிரல் மூட்டில் வலி. அவர் ஒரு பட்டனை அமுக்குவதற்குள் பையன் புரண்டு குப்புறப் படுத்துவிடுவான். வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் யானை பிரிண்டா, ஆட்டோ பிரிண்டா என்பதுதான். பகல் முழுக்க அதை மாட்டப் போவது யார் என்று யோசிக்கவே இல்லை.

இன்னொன்று, என்னிடம் இருந்தவை எல்லாம் பாக்கெட் டயப்பர்கள். வெளியே தண்ணீர் கசியாத பூச்சுப் பூசிய பியுஎல் துணி, உள்ளே மெத்தென்ற துணி, நடுவே பை. அந்தப் பைக்குள் இன்சர்ட்டை, அதாவது ஈரத்தை உறிஞ்சும் துணிப் பட்டையைத் திணிக்க வேண்டும், துவைக்கும் முன் உருவி எடுக்க வேண்டும். மூத்திரம் ஊறிய பைக்குள் கையை விட அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சரி, எனக்கும்தான் பிடிக்காது.

அப்புறம் வெல்க்ரோ வைத்த கவர் நான்கு வாங்கினேன். கவருக்கு உள்ளே பருத்தித் துணியை நீளமாக மடித்து வைத்தால் போதும். மூத்திரம் மட்டும் என்றால் துணியை எடுத்துவிட்டு, கவரைத் துடைத்து மறுபடியும் அதையே போடலாம். அம்மாவுக்குத் துணி மடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன? அரை நாளில் பழகிவிட்டார்.

வெல்க்ரோவுக்கும் குறை உண்டு. துவைக்கும்போது பட்டையை மடித்து ஒட்டாமல் விட்டால், மெஷினில் இருக்கிற நூல், முடி எல்லாம் அதில்தான் வந்து சேரும். போன வாரம் பையனே அதைப் பர்ரென்று பிரிக்கக் கற்றுக்கொண்டான். அதனால் இப்போது பகலில் வெல்க்ரோ, இரவில் நான் இருக்கிறபோது பட்டன். உங்கள் வீட்டில் யார் கைக்கு எது ஒத்துவந்தது?

சென்னை, இரட்டைக் குழந்தைகளின் அப்பா

எங்கள் வீட்டில் துவைப்பது நான். அதனால் எனக்கு எளிது என்றால் சீக்கிரம் காய்வது. இரண்டாவது மாடி, எதிரே இன்னொரு அடுக்குமாடி, பால்கனியில் வெயில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்கும். நவம்பர் மழையில் அதுவும் கிடையாது. நன்றாக உறிஞ்சும் என்று நம்பி மூங்கில் இன்சர்ட் பன்னிரண்டு வாங்கியிருந்தேன். உறிஞ்சியது உண்மை. உறிஞ்சியதை விடவும் இல்லை. ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் தொங்கியும் நடுவே ஈரம், அதோடு ஒரு முடைநாற்றம்.

மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழை இன்சர்ட் சீக்கிரம் காய்கிறது. ஆனால் குழந்தை உட்கார்ந்து அழுத்தினால் பஞ்சு பிழிந்த மாதிரி வெளியே விடும். அதைத் தோலில் நேராகப் படவும் விடக்கூடாது, ஈரத்தைத் தோலிலிருந்தும் இழுத்துவிடும். நான் ஒரு நாள் விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பைக்குள் வைக்காமல் மேலேயே வைத்து மாட்டிவிட்டேன். காலையில் பெண்ணின் தொடையிடுக்கு சொரசொரப்பாகச் சிவந்திருந்தது. வீட்டில் அதற்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, விரித்தால் ஒற்றை அடுக்காக இருக்கிற பருத்திச் சதுரம். மடித்தால் எட்டு அடுக்கு, காயப்போடும்போது ஒரே அடுக்கு. தைத்து வைத்த கனமான இன்சர்ட்டை இந்த மாதிரி விரிக்க முடியாது. மழைக்காலத்தில் பிறக்கப் போகிற பிள்ளைக்கு வாங்குகிறவர்கள், எவ்வளவு உறிஞ்சும் என்று கேட்கும் முன் எப்படிக் காயும் என்று கேளுங்கள்.

திருநெல்வேலி, மூன்று பேரப்பிள்ளைகளின் ஆச்சி (பேத்தி தட்டச்சு செய்கிறேன்)

ஆச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பிறந்த பிள்ளைக்கு எதுக்குட்டி இத்தனை சாமான்? மூணு கிலோ பிள்ளைக்கு அந்த ஃப்ரீ சைஸை மாட்டினா கமுக்கூடு வரைக்கும் ஏறி நிக்கி. தொடையில ரெண்டு விரல் போற அளவுக்கு இடைவெளி, அது வழியா எல்லாம் ஒழுகுது. முதல் மாசம் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போவும். பழைய வேட்டியக் கிழிச்சு முக்கோணமா மடிச்சுக் கட்டு, கீழ ரப்பர் ஷீட்டை விரி. தொடை திரண்டதும் வாங்கிக்கோ. பிள்ளைத் துணியப் பொழுது சாயுறதுக்குள்ள கொடியில இருந்து எடுத்துரணும், அத மறந்துராத."

ஃப்ரீ சைஸ் பற்றி ஆச்சி சொன்னது உண்மை. என் அக்கா வாங்கிய டயப்பரின் உறையில் 5 முதல் 17 கிலோ வரை என்று அச்சிட்டிருந்தது. குழந்தை அப்போது மூன்று கிலோகூட இல்லை.

சேலம், ஒன்றரை வயதுப் பெண்ணின் அம்மா

கசிகிறது என்று டயப்பரைத் தூக்கிப் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் போட இருந்தேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. மூன்றாவது மாதம் எதை மாட்டினாலும் அரை மணி நேரத்தில் ஓரம் ஈரம். அளவு சிறியதாகிவிட்டதோ என்று பட்டன் மாற்றினேன், இரண்டு இன்சர்ட் வைத்தேன். பிள்ளை கால் அகட்டித் தவளை மாதிரி கிடந்ததுதான் மிச்சம். ஒரு நாள் காய்ந்த இன்சர்ட்டின் மேல் தற்செயலாகத் தண்ணீர் சிந்தியது. சேம்பு இலைமேல் விட்ட மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது! அதற்குப் பிறகுதான் என் துவையலைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர், பயங்கர உப்பு. அதில் சோப்புக் கட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடின நீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியுமே, அந்தப் படிவு நூலிழையில் ஒட்டிக்கொண்டது. போதாததற்கு, மெத்தென்று இருக்கட்டும் என்று கடைசி அலசலில் வாசனைக் கண்டிஷனர். அதுவும் நூலின்மேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சுவதைத் தடுக்கும். மூன்றாவது குற்றவாளி தேங்காய் எண்ணெய். தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இடுப்பில் மினுமினுப்பு போகும் முன்பே டயப்பரை மாட்டிவிடுவார் என் மாமியார். அவரைக் குறை சொல்லவில்லை, கண்டிஷனர் என் கைங்கர்யம்தானே.

சோப்பையும் கண்டிஷனரையும் நிறுத்தினேன். காவிரித் தண்ணீர் வரும் நாளில் டிரம்மில் பிடித்து வைத்து, எல்லா இன்சர்ட்டையும் டிடர்ஜெண்ட் பவுடரில் துவைத்து, நுரை அடங்கும் வரை அலசினேன். நான்கைந்து அலசல் ஆனது. பிறகு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் உடனே உள்ளே இழுத்தது. கவரைக் கொதிக்கிற தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், பியுஎல் பூச்சு உரிந்துவிடும். புதுப் பருத்தி இன்சர்ட்டும் முதல் நாளே முழுதாக உறிஞ்சாது, சில தடவை துவைத்த பிறகுதான் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

மதுரை, பத்து மாதக் குழந்தையின் அம்மா

குழந்தைகள் காப்பகத்தில் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இன்னும் ஏழு குழந்தைகள் இருக்கிறார்கள். நான் கொடுத்தனுப்பிய துணி டயப்பரை முதல் நாளே திருப்பித் தந்தார். "கடை டயப்பர் மாதிரி ஒரே பீஸா இருந்தா போடுறேன்மா. இதைக் கோக்க எனக்கு ஏது நேரம்?" அவர் கேட்டதில் தப்பே இல்லை.

இப்போது இரவே எல்லாவற்றிலும் இன்சர்ட்டைத் திணித்து, உயரப் பட்டனையும் போட்டு அனுப்புகிறேன். இடுப்பில் எந்தப் பட்டனில் மாட்ட வேண்டுமோ அதில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. சிவப்போடு சிவப்பைச் சேர்த்தால் முடிந்தது. நனைந்ததைப் போட ஜிப் வைத்த பை ஒன்று. ஊருக்குப் போகும்போது மட்டும் கடை டயப்பர்தான். பேருந்தில் எட்டு மணி நேரம் பீத்துணியோடு உட்கார எனக்குத் தெம்பில்லை.

கோவை அம்மாவுக்கு ஒன்று, டிச் பட்டனை ரொம்பத் திட்டாதீர்கள். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் மரியன் டோனவன் என்ற தாய், குளியலறைத் திரையை வெட்டி, தண்ணீர் கசியாத டயப்பர் கவர் தைத்தார். ஊக்கு குத்திவிடுகிறது என்றுதான் அதில் டிச் பட்டன் வைத்தார். 1951இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஊக்கோடு ஒப்பிட்டால் பட்டன் சொர்க்கம்.

சென்னை, இரட்டைக் குழந்தைகளின் அப்பா

நெயில் பாலிஷ் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சுற்றுச்சூழலுக்காகத் துணி என்று என் மச்சான் தினமும் வகுப்பெடுக்கிறார். இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் போட்ட கணக்கில், இரண்டரை வயது வரை ஒரு குழந்தைக்குக் கடை டயப்பரால் வரும் கரியமில வாயு 550 கிலோ, துணியால் 570 கிலோ. வித்தியாசமே இல்லை. ஆனால் மெஷின் நிறையப் போட்டு, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே எடுத்து வைத்தால் துணியில் 200 கிலோ குறைகிறதாம். மச்சான் வீட்டில் டிரையர் இருக்கிறது. கேட்டதிலிருந்து வகுப்பு நடக்கவில்லை.

கோவை, எட்டு மாதப் பையனின் அம்மா

மதுரைத் தோழி சொன்னபடி பொட்டு வைத்துப் பார்த்தேன். அம்மாவுக்குக் கண் பிரச்சினை இல்லை, விரல்தான் பிரச்சினை என்பதால் உதவவில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு அம்மாவே ஒரு வேலை செய்திருக்கிறார். வெல்க்ரோ வைத்த கவர் ஒன்றில், இடுப்புச் சிறகின் நுனியில் பாவாடை நாடாவைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்து, பக்கத்துக்கு ஒரு முடிச்சு. பியுஎல்லில் ஊசி போனால் துளை வழியாகக் கசியும் என்று பயந்தேன். நுனியில் ஈரம் தங்குவதே இல்லை, அதனால் கசியவும் இல்லை. பையனுக்கும் முடிச்சைப் பிரிக்க வரவில்லை, கடித்துத்தான் பார்க்கிறான்.

மீதி மூன்று கவரையும் எடுத்துக் கொடு என்கிறார். இங்கேயும் மூன்று நாளாக மழை, எல்லாம் ஈரமாகக் கொடியில் தொங்குகின்றன. காய்ந்ததும் தைப்போம்.