பத்திரிகைக்கு எழுதுகிறவர்களிடம் ஓர் உதவி

எல்லோருக்கும் வணக்கம். நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். 1994இல் பறவைகள் சரணாலயமான ஊர். தெருவோர மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டும். குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடுவதில்லை. அந்த மக்களைப் பற்றி நாலு பேர் படிக்க வேண்டாமா?

ஒரு வார இதழ் இடமில்லை என்றது. இன்னொன்றிலிருந்து பதிலே இல்லை. நான் விடுவதாக இல்லை. சுருக்கி, தலைப்பை மாற்றி மறுபடியும் அனுப்பப் போகிறேன்.

பதில் வராத இதழுக்கு எவ்வளவு நாள் காத்திருப்பது முறை? நினைவூட்டி எழுதலாமா? அதற்குள் வேறு இதழுக்கு அனுப்பினால் தப்பாக நினைப்பார்களா? அப்புறம், படங்களை முதலிலேயே சேர்த்து அனுப்ப வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நம்ம திருநெல்வேலிக்காரர்கள் யாராவது கட்டுரையைப் படித்துத் திருத்தம் சொன்னால் ரொம்ப நன்றியோடு ஏற்றுக்கொள்வேன்.