கைநிறையச் சம்பளம் இருந்தும் எங்கும் சேராதவளாக உணர்கிறேன்: நிறைவை உள்ளே தேடுவதா, வெளியே தேடுவதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை வாசகி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கோவையிலுள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். யாரிடமும் கைநீட்ட வேண்டிய நிலை இல்லை. ஆனால் பகல் முழுவதும் கணினித் திரையோடு மட்டுமே பேசியிருக்கிறேன் என்பது இரவில்தான் உறைக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் எங்களைக் கேரளத்துக்காரர்கள் என்பார்கள், இந்தப் பக்கம் தமிழர்கள் என்பார்கள். என் அம்மாவுக்கும் அதே நிலைதான். அவர் அதைப் பொருட்படுத்தியதே இல்லை, ஏனென்றால் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் அவரைக் கலந்துகொள்ளாமல் பந்தக்கால் நட மாட்டார்கள். என்னை எவரும் எதற்கும் கேட்பதில்லை. தியானச் செயலிகள் உள்ளே பார் என்கின்றன, நண்பர்கள் வெளியே வா என்கிறார்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில்: குழித்துறை ஆசிரியர்

உள்ளே, வெளியே என்ற இந்தப் பிரிவினையை எங்கள் பகுதியின் பெரியவர்கள் ஏற்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டம் சாமித்தோப்பில், அய்யா வழி சமயத்தாரின் வழிபாட்டிடமான பதியில், பள்ளியறை எனப்படும் கருவறையில் கண்ணாடிதான் இருக்கிறது. விளக்குகளுக்கு நடுவே தன் உருவத்தைக் கண்டு வணங்குவது அங்கு முறை. ஆனால் அந்த வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் (1809–1851) கண்ணாடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தீண்டாமை கடுமையாக இருந்த திருவிதாங்கூரில், எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் நீராடவும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் வழிசெய்தார். 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நிறுவிய நாராயண குருவும் 1927இல் களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவினார். கூடவே கல்வி, சங்கம், தொழில் என்று மக்களைத் திரட்டினார். தன்னை மதிக்கக் கற்றவன்தான் பிறரோடு சமமாக உட்கார முடியும், சமமாக உட்கார இடம் கிடைத்தவனுக்குத்தான் தன் மீது மதிப்பு நிலைக்கும் என்று இருவரும் அறிந்திருந்தார்கள் எனக் கருதுகிறேன். செயலிகள் உங்களுக்குக் கண்ணாடியை மட்டும் தருகின்றன.

பதில்: மூணாறு தோட்டத்து மகள்

ஆசிரியர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் பழைய ஊர் ஒற்றுமையை ஏங்கிப் பார்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தேன். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து சுக்குத் தண்ணீர் வரும். அதே சுவர் வழியாக எங்கள் வீட்டுச் சண்டையும் லயம் முழுவதற்கும் போய்விடும். கணவரை இழந்த என் சித்தி, தன் அண்ணன் மகளின் கல்யாணத்தில் விடியும்வரை தேங்காய் துருவிவிட்டு, முகூர்த்த நேரத்தில் சமையல் கொட்டகையிலேயே நின்றார். மணமேடைப் பக்கம் வரச்சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. உங்கள் அம்மாவைக் கேட்டுப் பந்தக்கால் நட்ட ஊரும் சிலரை அப்படி ஒதுக்கியிருக்கும். சொந்தச் சம்பளமும் சொந்தக் கதவும் பெண்களுக்கு எளிதில் கிடைத்தவை அல்ல. அவற்றை விட்டுக்கொடுத்துத்தான் ஊரோடு சேர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதில்: கொல்லங்கோடு தன்னார்வலர்

உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் அறிவித்தது. ஆகவே இது உங்கள் குணக்கோளாறு அன்று. உங்கள் கேள்வியிலேயே விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: என்னை எவரும் கேட்பதில்லை என்கிறீர்கள். கேட்கும் இடத்துக்குப் போங்கள்.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய பாலியேட்டிவ் பணி, அதாவது கடும் நோயாளிகளின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் பணி, 2008இல் அரசின் கொள்கையாகி, இன்று உள்ளாட்சிகள் வழியே வீடு வீடாகச் செல்கிறது. நர்சுடன் நாங்களும் போவோம். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது என வீட்டாருக்குக் காட்டிக்கொடுப்போம். நாம் வரும் கிழமையை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று போன் வரும். எந்தச் சாதி, எந்த மொழி, கல்யாணம் ஆனவளா என்பதெல்லாம் அந்த வீட்டில் பேச்சுக்கே வராது. வேலை முடிந்ததும் உங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையும் உங்களிடமே இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி

மூவருக்கும் நன்றி. சித்தியைப் பற்றிப் படித்தபின் அம்மாவிடம் சில விஷயங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. வார நாட்களில் எனக்கு வேலை உண்டு. சனிக்கிழமை மட்டும் வருபவர்களையும் சேர்த்துக்கொள்வார்களா?

கொல்லங்கோடு தன்னார்வலர்

பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் நர்சைப் பார்த்துக் கேளுங்கள். பயிற்சிக்கும் அவரே வழிசொல்வார். உங்கள் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் மட்டும் பேசும் வயதானவர்கள் நிறைய, நர்சுகளில் பலர் மலையாளம் மட்டும் அறிந்தவர்கள். வலி எங்கே, எப்படி இருக்கிறது என்பதை இரண்டு மொழியிலும் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் எங்களுக்கு எப்போதும் தேவை.