தப்பு எடையில் வந்த பணத்தை ஆலயக் கட்டட நிதிக்குக் கொடுத்தால் கணக்கு தீருமா?

நெல்லை_வேதபாடம்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். லூக்கா 19, சகேயு பகுதிக்குப் பாடம் தயார் செய்கிறேன். ஆயக்காரரான (சுங்கவரி வசூலிப்பவரான) சகேயு, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திருப்பிக் கொடுக்கிறேன் என்று இயேசுவிடம் சொல்லும் பகுதி அது. குழுவில் எழுந்த கேள்வி இது. மளிகைக்கடைக்காரர் ஒருவர் கிலோவுக்கு 50 கிராம் குறைத்தே 5 வருஷம் அரிசி விற்றார் என்று வைத்துக்கொள்வோம். மனந்திரும்பி, 2 லட்ச ரூபாயைக் கட்டட நிதிக்குக் கொடுக்கிறேன் என்கிறார். "ஆண்டவருக்குக் கொடுத்தாச்சு, தீர்ந்தது" என்கிறார்கள் சிலர். "நாலத்தனையாகக் கொடுத்தால்தான் தீரும்" என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி? தொகையை எப்படிப் போடுவது? வாங்கினவர்கள் யாரென்றே தெரியாவிட்டால்?

ஐந்தில்_ஒன்று:
இரண்டுமே சரியில்லை பிரதர். லேவியராகமம் 6:1-7 பார்த்தீர்களா? பிறனை வஞ்சித்தவன் முதலைத் திருப்பி, அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உடையவன் கையில் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடா குற்றநிவாரணபலியாகப் போவது அதற்கு அடுத்த வசனத்தில்தான். மத்தேயு 5:23-24-ம் இதே வரிசைதான்: காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ. ஆசாரியனுக்கு அந்தப் பணம் எப்போது போகும் என்பது எண்ணாகமம் 5:8-ல் இருக்கிறது. வாங்கிக்கொள்ள இனத்தான்கூட இல்லை என்றால்தான். ஆக, வரிசையில் ஆலயம் கடைசி. அதை முதலில் கொண்டுவந்தால் ஊரார் அரிசியில் தன் பெயருக்குக் கல்வெட்டு வைத்ததாகத்தான் ஆகும்.

அடுத்து அந்த நாலத்தனை. யாத்திராகமம் 22-ல் அது திருடனுக்குரிய தண்டனை. திருடின ஆட்டை அடித்தோ விற்றோ விட்டால் 4, மாட்டுக்கு 5, மிருகம் உயிரோடு கையில் அகப்பட்டால் 2. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொல்லக் கேட்டுத் தாவீது ராஜா கொதித்துப்போய்ச் சொன்ன தீர்ப்பும் இந்த நாலுதான் (2 சாமுவேல் 12:6). சகேயுவையோ யாரும் பிடிக்கவில்லை. தானாக வந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலே போதும். அவர் திருடனுக்குரிய தண்டனையைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அது அவர் மனசு. அதைச் சட்டமாக்கி இன்னொருவர் தலையில் ஏற்ற முடியாது.

பாடத்தில் இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள். சொத்து 100 பங்கு என்றால் 50 ஏழைகளுக்குப் போய்விட்டது. மீதி 50-ல் நாலத்தனை கொடுக்க வேண்டுமானால் அநியாயமாய் வாங்கினது 12.5 பங்குக்குமேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டினால் சகேயு கடனாளி. இரண்டையும் அவர் தனித்தனியாகச் சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஏழைகளுக்குப் போன பாதி ஈகை, நாலத்தனை கடன். நம் கடைக்காரர் இரண்டையும் ஒரே கவரில் போடப் பார்க்கிறார்.

ஆள் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதை யூத ரபீக்கள் சகேயுவின் தொழிலை வைத்தே பேசியிருக்கிறார்கள். மேய்ப்பர், வரி வசூலிப்போர், ஆயக்காரர் ஆகியோருக்கு மனந்திரும்புவது கடினம் என்கிறது யூதர்களின் சட்ட விளக்க நூலான தால்முத் (பாபா கம்மா 94). தெரிந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மீதியைப் பொதுத் தேவைக்குச் செலவிட வேண்டும். கிணறு, நீர்த்தொட்டி வெட்டலாம் என்று உதாரணமும் உண்டு. ஏமாந்தவன் என்றாவது அதில் தண்ணீர் குடிப்பான் அல்லவா!

கணக்குப்பிள்ளை:
தொகை போடும் முறை.

ஒரு நாள் விற்பனை 40 கிலோ என்று எடுங்கள். கிலோவுக்கு 50 கிராம் வீதம் நாளுக்கு 2 கிலோ. வருஷத்துக்கு 300 நாள், 600 கிலோ. 5 வருஷத்துக்கு 3,000 கிலோ. கிலோ 50 ரூபாய் என்றால் 1,50,000. ஐந்தில் ஒரு பங்கு 30,000. மொத்தம் 1,80,000 ரூபாய். ஆக, அவர் சொன்ன 2 லட்சத்தில் காணிக்கை என்று சொல்லத்தக்கது 20,000 மட்டுமே.

விலை இன்றைய விலையாக இருக்கட்டும். எடுத்தது அரிசி, பழைய விலையில் கொடுத்தால் இன்று அதே அளவு அரிசி வராது. நாள் விற்பனையைக் குத்துமதிப்பாகப் போடாமல் கொள்முதல் பில்லை வைத்துப் போடுங்கள். 25 கிலோ மூட்டை எத்தனை இறங்கியது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஆள் தெரியாது என்று சீக்கிரம் முடிவுகட்டிவிட வேண்டாம். பற்று வரவு நோட்டில் பெயர் இருக்குமே! மாதக் கணக்குக்காரர்கள் எல்லாரையும் அதில் பிடித்துவிடலாம். ரொக்கத்துக்கு வாங்கினவர்கள் பங்குதான் பொதுக்காரியத்துக்குப் போகிறது. அதுவும் அதே தெருக்காரர்களுக்குப் பயன்படுகிற காரியமாக இருக்கணும். வேறு ஊர் ஊழியத்துக்கு அனுப்பினால் ஏமாந்தவனுக்கு ஒன்றும் வராது.

இதற்கெல்லாம் முன்னால் தராசு. தட்டின் எடையைக் கழித்து 0 காட்டுகிறதா பாருங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்கணும், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதைப் பார்க்கிறது. தராசு அப்படியே இருக்கப் பணம் மட்டும் திரும்பினால் அது மனந்திரும்புதல் ஆகாது.

வருமானத்தை மறைத்திருந்தால் அந்தப் பங்குக்கு உடையவர் அரசாங்கம். அப்டேட்டட் ரிட்டர்ன் (பிந்தித் திருத்திப் போடும் வருமான வரிக் கணக்கு) போட 2025 முதல் 48 மாத அவகாசம் இருக்கிறது. தாமதத்தைப் பொறுத்து, வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் 25 முதல் 70 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டு_காசு:
இவ்வளவு கணக்கா? மாற்கு 12-ல் இரண்டு காசு காணிக்கை போட்ட அந்த விதவை கணக்குப் பார்த்தா போட்டாள்? தியாகமாய்க் கொடுக்கிறவனைக் கால்குலேட்டரோடு உட்காரவைக்கிறீர்களே.

ஐந்தில்_ஒன்று:
அவள் போட்டது அவளுடைய காசு சகோதரி. இரண்டும் சேர்ந்து ஒரு தினக்கூலியில் 64-ல் ஒரு பங்கு. அதற்குச் சற்று முன்னால் 40-ம் வசனத்தில் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்கள் வருகிறார்கள். அவர்களும் அதே காணிக்கைப்பெட்டியில் போட்டிருப்பார்கள், அதிகமாகவே போட்டிருப்பார்கள். தாவீது பலியிட இடம் கேட்டபோது, அதன் சொந்தக்காரர் அர்வனா களத்தையும் மாடுகளையும் சும்மா தருகிறேன் என்றும், தாவீது 50 சேக்கல் வெள்ளி கொடுத்துத்தான் வாங்கினார் (2 சாமுவேல் 24:24). இன்னொருவர் பொருளைப் பலியிட்டால் தனக்கு ஒன்றும் செலவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் கடைக்காரர் கடனைத் தீர்த்துவிட்டுத் தன் லாபத்திலிருந்து கொடுக்கட்டும். அதற்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

ஒன்று மட்டும்: மனைவியின் நகையை அவர் சம்மதமில்லாமல் அடகுவைத்தோ வட்டிக்கு வாங்கியோ ஒரே நாளில் தீர்க்கப் போக வேண்டாம். அது இன்னொரு அநியாயமாக முடியும். கையில் இல்லையென்றால் மாதத் தவணை போடுங்கள்.

நெல்லை_வேதபாடம்:
மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. கொடுக்கும்போது பெயரைச் சொல்லித்தான் ஆகணுமா? சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லச் சொல்கிறார்கள்.

பாவசங்கீர்த்தனம்:
கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். திருச்சபையின் மறைக்கல்வி 2412-ம் எண் சகேயுவைச் சொல்லியே திருப்பிக் கொடுப்பதைக் கடமையாக்குகிறது. ஆனால் எல்லாருக்கும் முன்னால் அறிவிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்ட குரு வழியாகப் பெயர் இல்லாமல் சேர்ப்பிக்கும் வழக்கமும் உண்டு. கவரில் தொகையோடு "எடைக் குறைவுக்காக" என்று ஒரு வரி இருக்கட்டும். காரணம் தெரியாத பணம் வந்தால் வாங்குகிறவர் பயந்துவிடுவார்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. குறைந்த எடை கண்டுபிடிக்கப்பட்டு, பழி கடைப் பையன்மேல் விழுந்து, அவனை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தால் மூடின கவர் போதாது. யாரிடமெல்லாம் அவன் பெயர் கெட்டதோ அவர்களிடமே போய் "தப்பு என்னுடையது" என்று சொல்ல வேண்டும். நின்றுபோன சம்பளத்தையும் அந்த 1,80,000-க்குமேல் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும்.