லிபி செயலியில் 14 வாரக் காத்திருப்பு: கோப்புக்கு எதற்கு வரிசை?

மேப்பிள்நிழல்:

ரொறன்ரோ பொது நூலக அட்டையை, நூலக மின்னூல்களை இரவல் எடுக்கும் லிபி செயலியில் இணைத்துப் பாவிக்கிறேன். அண்மையில் வந்த ஓர் ஆங்கில நாவலைத் தேடினால் 60 பிரதி, வரிசையில் 290 பேர், சுமார் 14 வாரம் என்று காட்டுகிறது. அச்சுப் புத்தகம் என்றால் விளங்கும். ஒரு கோப்பை 290 பேருக்கும் ஒரே நாளில் அனுப்ப என்ன தடை? போன வருடம் பட்டியலில் இருந்த சில தலைப்புகளும் இப்போது இல்லை. மின்னூல் தேய்ந்தா போகும்? இன்னொன்று: வீட்டில் அமேசானின் மின்னூல் வாசிக்கும் கருவியான கிண்டில் இருக்கிறது. லிபியிலிருந்து அதற்கு அனுப்பும் பொத்தானே வரவில்லை. எங்கே பிழை?

நூலடுக்கு:

நூலகத்தின் கையில் கோப்பு கிடையாது. அது ஓவர்டிரைவ் நிறுவனத்தின் கணினியில் கிடக்கிறது. லிபி அவர்களுடைய செயலிதான். நூலகம் காசு கொடுத்துப் பெறுவது உரிமம் மட்டும். பெரும்பாலான உரிமங்களில் ஒரு பிரதிக்கு ஒரு நேரத்தில் ஒரு ஆள் என்று எழுதியிருக்கும். 60 பிரதி என்றால் 60 கதிரை, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன 14 வாரத்தைப் போட்டுப் பாருங்கள். 290ஐ 60ஆல் வகுத்தால் ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 5 பேர். ஆளுக்கு 21 நாள் என்றால் 101 நாள். அதுவே 14 வாரம். உண்மையில் இதைவிடக் குறையவும் கூடும், கூடவும் கூடும். வாசித்து முடித்தவர் முதலே திருப்பினால் வரிசை சுருங்கும். முறை வந்தும் எடுக்காமல் இருப்பவருக்கு 3 நாள் அவகாசம் உண்டு. அந்த 3 நாளும் பிரதி சும்மா கிடக்கும்.

தேய்வது பற்றிக் கேட்டீர்கள். தேயத்தான் செய்கிறது, ஒப்பந்தத்தின்படி. 2011 மார்ச்சில் ஹார்ப்பர்காலின்ஸ் 26 இரவலோடு உரிமம் முடியும் என்ற விதியைக் கொண்டுவந்தது. வேறு பெரிய வெளியீட்டாளர்கள் 2018, 2019 வாக்கில் நிரந்தர உரிமத்தைக் கைவிட்டு 2 ஆண்டு உரிமத்துக்கு மாறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. 26 இரவல் உரிமம், எல்லாரும் 21 நாள் முழுக்க வைத்திருந்தால் 546 நாளில் தீர்ந்துவிடும்; ஆனால் ஒருவரும் எடுக்காவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். 2 ஆண்டு உரிமம் யாரும் தொடாவிட்டாலும் 730ஆம் நாள் செத்துவிடும். எல்லாரும் 21 நாள் முழுக்க வைத்திருந்தால் அந்த 730 நாளில் சுமார் 34 பேர் வாசிக்கலாம்; இடையில் ஒவ்வொரு தடவையும் 3 நாள் அவகாசம் போனால் 30 பேர்.

உங்கள் பட்டியலிலிருந்து காணாமல் போனவை பெரும்பாலும் இப்படிக் காலாவதியானவையாக இருக்கும். காலாவதியானதும் நூலகம் திரும்பவும் முழு விலை கொடுக்க வேண்டும். வரிசை உள்ள தலைப்புக்குக் கொடுப்பார்கள். வருடத்தில் இரண்டு பேர் எடுத்த பழைய கவிதைத் தொகுதிக்குக் கொடுப்பார்களா? அச்சுப் பிரதி என்றால் தட்டில் தூசி பிடித்தாவது இருந்திருக்கும்.

விலையும் சின்ன விஷயமில்லை. புதிய நாவல் ஒன்றுக்கு நூலக உரிமத்தின் விலை, வாசகர் கடையில் வாங்கும் மின்னூல் விலையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு போவது சாதாரணம். இதை எதிர்த்துத்தான் கனடிய நகர நூலகங்களின் கூட்டமைப்பு 2019 ஜனவரியில் பொதுப் பிரசாரம் ஒன்றைத் தொடங்கியது. அதே வருடம் நவம்பர் 1 முதல் மேக்மில்லன் பதிப்பகம் இன்னும் ஒரு படி போய், புது நூல் வெளிவந்த முதல் 8 வாரத்துக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதி என்று கட்டுப்படுத்தியது. எவ்வளவு பெரிய நகரமென்றாலும் ஒன்று! நூலகங்கள் பலமாக எதிர்த்தன. 2020 மார்ச் 17 அன்று அதைக் கைவிட்டார்கள்.

கோப்பைப் பிரதி எடுக்க விடாத டிஜிட்டல் பூட்டை உடைத்து நூலகமே பிரதி எடுத்து வைத்தால் என்ன என்று யாரும் கேட்கமுன் சொல்லிவிடுகிறேன்: 2012இல் திருத்தப்பட்ட கனடியப் பதிப்புரிமைச் சட்டம் அந்தப் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது.

வரிசையைக் குறைக்க நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. நூல் வெளிவருவதற்கு முன்பே பட்டியலில் ஏறியிருந்தால் அப்போதே முன்பதிவு போடுங்கள். முறை வந்த நேரம் வாசிக்க வசதியில்லையென்றால் 'பிறகு அனுப்பு' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வரிசையில் உங்கள் இடம் போகாது, பிரதி அடுத்தவருக்குப் போகும். ஒலிநூலுக்கும் மின்னூலுக்கும் வரிசை வேறு வேறு, இரண்டையும் பாருங்கள். ரொறன்ரோ அட்டை அங்கே வசிப்பவருக்கு மட்டுமல்ல, வேலை செய்பவருக்கும் படிப்பவருக்கும் சொத்து வைத்திருப்பவருக்கும் இலவசம். ஆகவே வேறு நகரத்தில் வசித்து ரொறன்ரோவில் வேலை செய்பவர் இரண்டு அட்டையையும் லிபியில் சேர்த்து, எந்த வரிசை குறுகியது என்று ஒப்பிடலாம்.

ஹூப்லா என்ற இன்னொரு நூலகச் செயலியில் வரிசை இல்லையே என்பீர்கள். அங்கே ஒவ்வொரு இரவலுக்கும் நூலகம் தனித்தனியே காசு கட்டுகிறது. அதனால்தான் மாதத்துக்கு இத்தனை என்று எல்லை வைக்கிறார்கள். எடுத்துவிட்டுத் திறக்காமல் விட்டாலும் நூலகத்துக்குச் செலவுதான்.

குளிர்மின்:

கிண்டில் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் பக்கத்தில் பிழை ஏதும் இல்லை. லிபியிலிருந்து கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். கனடிய அட்டைக்கு அந்தப் பொத்தான் வராது.

கனடாவில் நூலக மின்னூலை மின்மைத் திரையில் (அச்சுத் தாள் போலத் தெரியும் திரை) வாசிக்கக் கோபோதான் சுலபமான வழி. டொராண்டோவில் பிறந்த கருவி அது. இண்டிகோ என்ற புத்தகக் கடை நிறுவனம் அதை 2009இல் தொடங்கியது, 2012 தொடக்கத்தில் ஜப்பானின் ராகுடென் வாங்கிவிட்டது. கருவியின் அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குப் போய் ஓவர்டிரைவைத் தேர்ந்தெடுத்து நூலகத்தின் பெயரைத் தேடி அட்டை எண்ணைக் கொடுங்கள். அதன் பிறகு ஃபோனில் லிபி வழியாக எடுத்த நூல், கோபோவை ஒருமுறை ஒத்திசைத்தால் வந்துவிடும். நூலக ஒலிநூலும் இதழ்களும் வராது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

சில நூல் மட்டும் ஒத்திசைத்தும் வராமல் அடம்பிடிக்கும். கோபோ கடையில் அந்தத் தலைப்பு விற்பனையில் இல்லாவிட்டால் அப்படி ஆகும். அப்போது கணினியில் லிபியின் இணையதளத்தைத் திறந்து, எடுத்த நூலின் பக்கத்தில் வேறு வழியில் வாசிக்கும் தெரிவுக்குப் போய் ஈபப் என்ற மின்னூல் வகைக் கோப்பை இறக்குங்கள். கிடைப்பது நூல் அல்ல, சில கிலோபைட் அளவுள்ள அனுமதிச் சீட்டு. அதை அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற நிரலில் திறந்தால்தான் நூல் இறங்கும். பிறகு கோபோவை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதற்குள் இழுத்துப் போடலாம்.

இதில் வரும் வழக்கமான தகராறு: 'வேறொரு பயனர் ஏற்கெனவே பெற்றுவிட்டார்' என்ற பிழைச் செய்தி. கணினி ஒரு அடோபி கணக்கிலும் கருவி இன்னொன்றிலும் பதிவாகியிருந்தால் இது வரும். இரண்டையும் ஒரே கணக்குக்கு மாற்றிவிட்டுச் சீட்டைப் புதிதாக இறக்குங்கள். இந்த வழியில் இறக்கிய நூலை லிபியில் திருப்ப முடியாது, அடோபி நிரலுக்குள்ளேயே திருப்ப வேண்டும். பின்னால் நிற்பவரை நினைத்து மறக்காமல் செய்யுங்கள்.

செயின்ட்லோரன்ஸ்:

மொன்றியலில் கதை கொஞ்சம் வேறு. பிரெஞ்சு நூல்களுக்குக் கியூபெக் நூலகங்கள் பெரும்பாலும் ஓவர்டிரைவைப் பாவிப்பதில்லை. 2011இல் தொடங்கிய ப்ரே நுமெரிக் என்ற தளம் இருக்கிறது. நூலகங்களுக்கான பிப்லியோப்ரெஸ்தோ என்ற இலாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது. கோப்புகள் வருவது கியூபெக் நகரத்து தெ மார்க் நிறுவனத்தின் கிடங்கிலிருந்து. ஒரு பிரதிக்கு ஒரு ஆள் என்ற விதி அங்கேயும் உண்டு, ஆனால் கியூபெக் வெளியீட்டாளர்களின் உரிமம் 55 இரவல் வரை தாங்கும், நாள் கணக்கு ஓடாது. இன்னொரு சிறப்பு: நூலகங்கள் அச்சு நூலைப் போலவே மின்னூலையும் அங்கீகாரம் பெற்ற புத்தகக் கடைகள் ஊடாக வாங்குகின்றன. ஊர்க் கடைக்கும் பங்கு போகிறது. ஆங்கிலக் கனடாவில் இடைத்தரகர் அமெரிக்காவில் இருக்கிறார்.

மேப்பிள்நிழல்:

மூவருக்கும் நன்றி. 730 நாள் கணக்கு இப்போது விளங்குது. இதோடு சேர்த்தே கேட்கிறேன்: ஸ்காபரோவில் தெரிந்த சிறு பதிப்பகம் ஒன்று பத்துப் பதினைந்து தமிழ் நூல் போட்டிருக்கிறது, எல்லாம் அச்சில். அவற்றை மின்னூலாக்கி நூலகத்துக்குள் கொண்டுபோக ஏலுமா? நூலகம் வாங்குமா?

எழுத்துரு அக்கா:

ஏலும் தம்பி. தடங்கல் நூலகத்திடம் இல்லை, அநேகமாகப் பதிப்பகத்தின் பழைய கோப்பில் இருக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அச்சுக் கோத்திருப்பார்கள். அதை அப்படியே ஈபப் ஆக்கினால் வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற வேண்டும். எழுத்துரு மாற்றி நிரலை ஓடவிட்டுவிட்டு 'முடிந்தது' என்று இருந்துவிடக் கூடாது. பாமினியில் 'இ' இருக்கும் விசையில்தான் ஆங்கில எழுத்துருவுக்குக் காற்புள்ளி. ஆகவே கோப்பில் எங்கெல்லாம் ஆங்கில எழுத்துருவில் காற்புள்ளி போட்டார்களோ அங்கெல்லாம் மாற்றி 'இ' ஆக்கிவிடும். 'கொழும்புஇ யாழ்ப்பாணம்இ' என்று இணையத்தில் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. நூலில் இருந்த ஆங்கிலப் பெயர்களும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். சொல்லின் கடைசியில் ஒட்டி நிற்கும் 'இ'யைத் தேடிப் பிடித்தாலே பாதி வேலை முடியும். மிச்சம் ஒரு ஆள் இருந்து அச்சுப் பிரதியோடு வரி வரியாக ஒப்பிட வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

ஈபப் கட்டும்போது மொழிக் குறியைத் தமிழ் என்று வையுங்கள், பலர் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் நூலகத்தில் மொழியால் வடிகட்டித் தேடுபவருக்கு அந்த நூல் அகப்படாது. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் கொடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவை உள்ளே பதியுங்கள். முடிந்ததும் ஈபப்செக் நிரலில் ஓட்டிப் பிழையில்லை என்று வந்த பிறகே பதிவேற்றுங்கள். கருவியிலும் திறந்து 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' மூன்றையும் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் குற்றம் பெரும்பாலும் கோப்பில் இல்லை, காட்டும் கருவியில். ஃபோனில் லிபிக்குள் அதே பக்கம் சரியாக வரும்.

சர்வதேசத் தர நூல் எண் கனடாவில் இலவசம், நூலகம் மற்றும் ஆவணக் காப்பகத்தில் எடுக்கலாம். அச்சுக்கு ஒன்று, ஈபப்புக்கு வேறொன்று. ஒரே எண்ணை இரண்டுக்கும் போடாதீர்கள். சட்டப்படி மின்னூலின் ஒரு பிரதியை அதே காப்பகத்துக்குக் கொடுக்கவும் வேண்டும். மின்னூலுக்கு இது 2007 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

உள்ளே போகும் வழிக்கு, ஆசிரியரும் பதிப்பகமும் தாமே நூலை ஏற்றும் கோபோவின் தளத்தில் ஓவர்டிரைவுக்கும் அனுப்பு என்று ஒரு தெரிவு இருக்கிறது. நூலக விலையை நீங்களே வைக்கலாம், வாசகர் விலையின் மூன்று மடங்கு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் நூலைச் சேர்த்திருந்தால் மட்டும் இது முடியாது. அது மின்னூலை 90 நாள் அமேசானில் மட்டுமே விற்கக் கேட்கும், தானாகப் புதுப்பித்துக்கொண்டும் போகும். புதுப்பிப்பை நிறுத்தி, 90 நாள் முடிந்த பிறகுதான் வேறெங்கும் போடலாம்.

பட்டியலில் ஏறிவிட்டது என்பதற்காக நூலகம் வாங்கிவிடாது. லிபியில் நூலைத் தேடினால் நூலகத்திடம் இல்லாதவற்றுக்கும் 'அறிவி' என்ற குறி வரும். வாசகர்கள் அதைத் தொட்டு வைத்தால் வாங்கும் பிரிவுக்கு அந்தத் தேவை தெரியும். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களில் இருபது பேர் தொட்டாலே போதிய சத்தம்.

நூலடுக்கு:

அக்கா சொன்னதோடு ஒன்று. ஆசிரியர் கனடியக் குடிமகன் அல்லது நிரந்தர வதிவாளர் என்றால், கனடா கலை மன்றம் நடத்தும் பொது இரவல் உரிமைத் திட்டத்தின் விதிகளையும் பாருங்கள். 1986இல் தொடங்கியது, 2016 முதல் மின்னூலையும் ஏற்கிறார்கள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதற்குக் காசு இல்லை. மாதிரிக்கு எடுக்கும் நூலகப் பட்டியல்களில் நூல் இருக்கிறதா என்பதற்குத்தான். பதிவு பெப்ரவரி 15 தொடங்கி மே 1 வரை. அந்த நேரத்துக்குள் நூல் எண்ணும் கோப்பும் தயாராக இருக்க வேண்டும்.

குளிர்மின்:

விலை வைக்கும்போது வரியையும் கணக்கில் எடுங்கள். ஒன்டாரியோவில் அச்சு நூலுக்கு 5 சதவீதம்தான், மின்னூலுக்கு முழு 13. பத்து டாலர் மின்னூல் வாசகர் கையில் 11.30 ஆகும், அச்சு 10.50. பதிப்பகக்காரர்கள் இதைச் சொன்னால் நம்புவதில்லை, பில்லைக் காட்டுங்கள்.