கழற்றி மாட்டும் பல் க்ளிப்: எங்கள் வீட்டு அனுபவம்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா:

என் மகனுக்கு மேல் முன்பல் இரண்டில் ஒன்று, கீழ்ப்பல்லுக்குப் பின்னால் முளைத்துவிட்டது. வாயை மூடினால் அந்த ஒரு பல் மட்டும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பொங்கலுக்கு அவித்த பனங்கிழங்கை அவன் கடைவாய்க்குக் கொண்டுபோய்க் கடிப்பதைப் பார்த்து, "ஏன்ல, பல்லு வலிக்கா?" என்று ஆச்சிதான் முதலில் கேட்டார். அப்போது அவனுக்கு ஏழு வயது.

முதலில் காட்டிய இடத்தில், பால்பல் எல்லாம் விழட்டும், பன்னிரண்டு வயதில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நம்பி ஒரு வருடம் சும்மா இருந்தோம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. கடிக்கும்போதெல்லாம் அந்த மேல்பல் கீழ்ப்பல்லை வெளியே தள்ளித் தள்ளி, கீழே ஈறு இறங்கிவிட்டது. பக்கத்துப் பல்லைவிட அது நீளமாகத் தெரிந்தது, விரல் வைத்தால் லேசாக ஆடியது. அப்புறம் திருநெல்வேலியில் பல் சீரமைப்பு மருத்துவரிடம் போனோம். அவரும் முதலில் தொட்டுப் பார்த்தது அந்தக் கீழ்ப்பல்லைத்தான். இந்த மாதிரிக் கடிக்கு முன்பல் முளைத்ததுமே காட்ட வேண்டும், காத்திருக்கக் கூடாது என்றார்.

அச்செடுத்துச் செய்து கொடுத்த பிளேட் உள்ளங்கையில் அடங்கிவிடும். இளஞ்சிவப்புத் தகடு, கடைவாய்ப்பல்லைப் பிடிக்க இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி, உள்ளே போன பல்லுக்குப் பின்னால் இசட் எழுத்துப் போல மடித்த சின்ன ஸ்பிரிங். கடைவாய்ப் பக்கம் தகட்டை மேடாக்கியிருந்தார்கள். கடித்தால் முன்பற்கள் ஒன்றோடொன்று முட்டாது. கீழ்ப்பல் வழி மறிக்காததால் ஸ்பிரிங் தள்ளத் தள்ள மேல்பல் முன்னால் தாண்டி வந்துவிடும். சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும், பல் தேய்க்க மட்டும் கழற்றலாம் என்றார்.

ஒரு மாதம் கழித்துப் போனால் பல் அசையவே இல்லை. மருத்துவர் அவனைத் திட்டவில்லை. பிளேட்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். மேட்டில் கடித்த தடமே இல்லை, புதிதாகப் பளபளத்தது. பேசும்போதும் இன்னும் நாக்குக் குழறுகிறதே, தொடர்ந்து போட்டிருந்தால் ஒரு வாரத்தில் பழகியிருக்குமே என்றார். செங்கோட்டை ரயிலில் திரும்பி வரும்போது, கல்லிடைக்குறிச்சி தாண்டும் முன்னே மகனே சொல்லிவிட்டான். காலையில் பள்ளி வாசலில் கழற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துவிடுவானாம். வகுப்பில் பாடம் வாசிக்கும்போது 'ச' வராமல் காற்றாகப் போகிறது என்று பிள்ளைகள் அதே மாதிரி பேசிக் காட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரியே பிளேட்டை மாட்டிக்கொண்டு தமிழ்ப் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். தினம் இரண்டு பக்கம். பத்து நாளில் 'ச' தெளிவாக வந்துவிட்டது, அதன்பிறகு அவன் பள்ளியில் கழற்றவில்லை. டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். அடுத்த மூன்று மாதத்தில் பல் முன்னால் வந்துவிட்டது. பாதி வழியில், மேல்பல் கீழ்ப்பல்லுக்கு நேர் மேலே வந்து நின்ற ஒரு வாரம்தான் கொஞ்சம் வலி என்றான்.

வேறு யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அப்பா:

தங்கச்சி, என் மகளுக்குப் பதினோரு வயதில் போட்டது ட்வின் பிளாக். மேல்பல் எடுப்பாக இருந்து உதடு மூடாது. மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் முன்பின்னான இடைவெளியை அளந்தபோது 9 மில்லிமீட்டர். மேல்பல் எடுப்பாக இருப்பதைவிடக் கீழ்த்தாடை பின்தங்கியிருப்பதுதான் முக்கியக் காரணம், வளரும் வயது என்பதால் இப்போதே செய்யலாம் என்றார்கள். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கிளார்க் 1977-ல் கொண்டுவந்த முறை இது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பிளேட். அவற்றின் சரிவுகள் ஒன்றோடொன்று உட்கார வேண்டுமென்றால் கீழ்த்தாடை தானாக முன்னால் வந்தாக வேண்டும். மேல் பிளேட் நடுவில் ஒரு ஸ்க்ரூ. வாரம் ஒரு முறை அதைச் சின்னச் சாவியால் கால் சுற்று சுற்றினால் பிளேட் கால் மில்லிமீட்டர் அகலும். அந்தச் சாவியை நூல் கட்டித்தான் பிடிக்க வேண்டும், கை தவறி தொண்டைக்குள் போய்விடக் கூடாது. முதல் வாரம் தலையணை எல்லாம் எச்சில், தாடையில் வலி. அது சரியாகிவிட்டது.

நாங்கள் பட்ட பாடு வேறு. ஒரு கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதி விருந்து. எல்லோரும் பார்க்கிறார்களே என்று கழற்றி இலை ஓரத்தில் வைத்தவள், சாப்பிட்டு இலையை மடித்து எழுந்துவிட்டாள். கை கழுவும்போதுதான் நினைவு வந்தது. நானும் இலை எடுக்கிற அம்மாவும் மண்டபத்துக்குப் பின்னால் குவிந்த இலையை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். கீழ் பிளேட் கிடைத்தது, மேல் பிளேட் கிடைக்கவே இல்லை. மறுபடியும் அச்செடுத்து வர பத்து நாள் ஆனது. அன்றிலிருந்து மூடி போட்ட டப்பா இல்லாமல் அவளை வெளியே கூட்டிப்போவதில்லை.

இப்போது இடைவெளி 3 மில்லிமீட்டர். திரும்பியிருக்கிற இரண்டு பல்லை இந்த பிளேட்டால் நேராக்க முடியாது, அதற்கு ஒட்டுகிற க்ளிப்தான் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் பையன் இன்னும் பிளேட் போடுகிறானா?

அம்பாசமுத்திரத்து அம்மா:

இல்லை அண்ணாச்சி. மேல்பல் தாண்டி வந்து கீழ்ப்பல்லை நன்றாக மூடிவிட்டால், கடியே அதைப் பின்னால் போகவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். கீழ்ப்பல்லின் ஆட்டம் நின்றுவிட்டது. இறங்கின ஈறு முழுசாக ஏறவில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது ஐப்பசியில்.