பார்வையற்ற ஊழியருக்கு எந்தத் திரைவாசிப்பான்? ரிமோட் டெஸ்க்டாப்பில் பேச்சே வரவில்லை

கணினிப்பிரிவு:
வணக்கம். எங்கள் கணக்குப் பிரிவில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பார்வை அறவே இல்லை. இன்னொருவருக்குக் குறைந்த பார்வை. திரையில் இருப்பதைப் பேச்சாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான்களில், விலைகொடுத்து வாங்கும் ஜாஸை இருவருக்கும் வாங்கிவிடலாம் என்கிறார் மேலாளர். முதலாமவர் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏ பழகியவர் என்பதால் இப்போதைக்கு அதையே போட்டுக் கொடுத்தேன். மின்னஞ்சல், எக்செல், பிரவுசர் எல்லாம் நன்றாகப் படிக்கிறது. ஆனால் வேலையில் முக்கால்வாசி, ரிமோட் டெஸ்க்டாப்பில் (வேறொரு கணினியை இங்கிருந்தே இயக்கும் வசதி) திறக்கும் ஒரு பழைய கணக்கு மென்பொருளில்தான். அதற்குள் போனதும் சத்தமே இல்லை. ஜாஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

விசைப்பலகை:
முதலில் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் உங்களுக்கு வந்து சேர்வது திரையின் படம். திரைவாசிப்பான் படத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எது பட்டன், எது பெட்டி, அதன் பெயர் என்ன என்று இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பேசுகிறது. அந்த விவரமெல்லாம் அந்தப் பக்கத்துக் கணினியில் இருக்கிறது. அதனால் இந்தப் பக்கம் மட்டும் போட்டால் ஜாஸுக்கும் இதே கதிதான்.

அந்தக் கணினியிலும் என்விடிஏ நிறுவி, ரிமோட் இணைப்பின் அமைப்பில் ஒலியை 'இந்தக் கணினியில் ஒலிக்கட்டும்' என்று வையுங்கள். அது சர்வராக இருந்தால் விண்டோஸ் ஆடியோ சேவை ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஒலி எதற்கு என்று பலர் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

இன்னொரு வழி, 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏவுக்குள்ளேயே வரும் ரிமோட் வசதி. பேச்சு இந்தப் பக்கத்துக் கணினியிலேயே உருவாவதால் தாமதம் குறைவு. இணைப்பு வெளி சர்வர் வழியாகப் போனால் உங்கள் பாதுகாப்புப் பிரிவு நிச்சயம் கேள்வி கேட்கும், முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஜாஸ் வாங்கினாலும் ரிமோட்டில் பயன்படுத்த உரிமத்தில் தனி அனுமதி வேண்டும். விற்பவரிடம் அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உரிமம் இல்லாமலே 40 நிமிடம் ஓடும், அப்புறம் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். சோதித்துப் பார்க்க அது போதும்.

ஒலிவழி:
நான் திரைவாசிப்பானோடுதான் வேலை பார்க்கிறேன். ஒரு சின்ன விஷயம்: என்விடிஏவை முறையாக நிறுவினீர்களா, நிறுவாமலே ஓட்டும் எடுத்துச்செல்லும் பிரதியா? பின்னதில் உள்நுழைவுத் திரை பேசாது. தினமும் கடவுச்சொல் போட அடுத்த மேசைக்காரரைக் கூப்பிடுவது எவருக்கும் பிடிக்காது. நிர்வாகி உரிமையோடு நிறுவி, உள்நுழைவிலும் இயங்குமாறு வையுங்கள்.

எழுத்துகளைத் தொட்டறியும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்ல் திரை வேண்டுமா என்றும் அவரையே கேளுங்கள். கணக்கு வேலையில் 1,18,450 சரியா 1,81,450 சரியா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது காதால் கேட்பதைவிட நம்பகமானது. 40 எழுத்துக் கட்டம் கொண்டது மேசைக்குப் போதும். ஆனால் நடுவயதில் பார்வை இழந்தவர்கள் பலருக்கு பிரெய்ல் பழக்கம் இருக்காது. அவர்களுக்கு வாங்கினால் அலமாரியில்தான் கிடக்கும்.

கணினிப்பிரிவு:
நன்றி. சர்வரில் ஆடியோ சேவை நிறுத்தித்தான் இருந்தது. இயக்கிவிட்டு அங்கேயும் நிறுவினேன், டெஸ்க்டாப் பேசுகிறது! ஆனால் கணக்கு மென்பொருளைத் திறந்தால் சாளரத்தின் தலைப்போடு நின்றுவிடுகிறது. அது ஜாவாவில் எழுதியது என்கிறார்கள்.

விசைப்பலகை:
அப்படியானால் ஜாவா மென்பொருளின் விவரங்களைத் திரைவாசிப்பானுக்குக் கொண்டு சேர்க்கும் ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜ் அணைந்திருக்கும். அந்தப் பக்கத்துக் கணினியில் அதை இயக்கிவிட்டு மென்பொருளையும் திரைவாசிப்பானையும் மூடித் திறங்கள்.

பெரிய எழுத்து:
குறைந்த பார்வை உள்ளவரை எல்லோரும் மறந்துவிட்டோமே! அவருக்குத் திரைவாசிப்பான் தேவையே இல்லாமல் போகலாம். விண்டோஸ் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி வரும். செலவில்லை. எந்த மடங்கு அவருக்குச் சரி என்று அதில் பார்த்துவிட்டு விலைகொடுத்து வாங்கும் உருப்பெருக்கியான ஜூம்டெக்ஸ்ட் பற்றி யோசியுங்கள்.

நான்கு மடங்கு பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் தெரிவது திரையின் பதினாறில் ஒரு பங்குதான். விரிதாளில் எந்த வரிசையில் நிற்கிறோம் என்றே தெரியாது. ஆகவே பெரிய மானிட்டர், அதைக் கண்ணுக்கு அருகில் இழுக்கும் தாங்கி, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத இடம் ஆகியவற்றுக்கு முதலில் செலவிடுங்கள். கறுப்புப் பின்னணி சிலருக்கு வரம், சிலருக்குத் தொல்லை. அவரே மாற்றிப் பார்த்துச் சொல்லட்டும். நீண்ட ஆவணங்களை மட்டும் பேசவிட்டுக் கேட்டால் மாலையில் தலைவலி குறையும்.

கணினிப்பிரிவு:
பிரிட்ஜ் வேலை செய்கிறது, பெட்டிகளைப் படிக்கிறது. ஆனால் மேல்வரிசையில் எல்லாமே 'பட்டன்', 'பட்டன்', 'பட்டன்' என்றுதான் வருகிறது. இதற்காவது ஜாஸ் உதவுமா?

ஒலிவழி:
ஓரளவு. ஜாஸுக்கு ஸ்கிரிப்ட், என்விடிஏவுக்குப் பைத்தான் நிரல்மொழியில் எழுதும் துணைநிரல் என இரண்டிலும் ஒட்டுப்போடலாம். எழுத ஆள் வேண்டும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் உடையும். மென்பொருள் எழுதியவர்களிடம் அந்தப் பட்டன்களுக்கு திரைவாசிப்பான் படிக்கும் அணுகல் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நிரல்தான். அதுவரை என்னென்ன குறுக்குவிசைகள் உண்டு என்று ஒரு பட்டியல் வாங்கி அவரிடம் கொடுத்துவிடுங்கள். படமாக அல்ல, எழுத்தாக.